சாட்பாட் கேட்டார்கள், கோளாறு டயரியில் இருந்தது: டிசைன் திங்கிங் செய்முறை

"ரிசப்ஷனில் போன் ஓயவே மாட்டேன் என்கிறது. ஒரு சாட்பாட் போட்டுக் கொடுங்கள்." ஒரு மருத்துவமனையிலிருந்து எனக்கு வந்த வேலை இந்த இரண்டு வாக்கியங்கள்தான். சாட்பாட் என்றால், எழுதிக் கேட்பவருக்குத் தானே பதில் சொல்லும் மென்பொருள். அப்பாயின்ட்மென்ட் பதிவு செய்ய அவர்களிடம் ஏற்கெனவே ஓர் ஆப் இருந்தது. நோயாளிகள் அதில் பதிவு செய்தார்கள். பதிவு செய்துவிட்டு உடனே போனும் செய்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தீர்வு மட்டும் முடிவாகிவிட்டது.

நான் பத்து வருடம் புரோகிராம் எழுதிவிட்டு டிசைன் பக்கம் வந்தவள். பழைய நானாக இருந்திருந்தால் அன்று மாலையே எந்த சாட்பாட் மென்பொருள் நல்லது என்று தேடத் தொடங்கியிருப்பேன். அப்படித்தான் ஒருமுறை நான்கு மாதம் உட்கார்ந்து, விரலால் இழுத்து நகர்த்தும் ஓர் அழகான காலண்டர் திரையைக் கட்டினேன். வெளியான பிறகு பார்த்தால், எல்லோரும் பக்கத்திலிருந்த சாதாரணப் பட்டியலிலேயே வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். இழுக்கலாம் என்பதே யாருக்கும் தெரியவில்லை. அந்த நான்கு மாதத்தில் ஒருநாள்கூட நான் ஒரு பயனரின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததில்லை. பயனரைப் பார்த்து, மாதிரி செய்து, சோதித்துத் தீர்வு தேடும் டிசைன் திங்கிங் என்ற முறை இருப்பதை அந்த அவமானத்துக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

மருத்துவமனை வேலையை வைத்தே முறையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வது நூலகத் தளமாகவோ கணக்கு எழுதும் மென்பொருளாகவோ இருக்கலாம். செய்யவேண்டிய வேலை பெரிதாக மாறாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிசைன் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய ஐந்து படிகளை எங்காவது பார்த்திருப்பீர்கள்: பயனரைப் புரிந்துகொள்வது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனை சேர்ப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது. எனக்கு அதைவிட பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2000களின் நடுவில் வெளியிட்ட இரட்டை வைரப் படம் பிடிக்கும்: விரிந்து பிறகு குறுகும் இரண்டு வைர வடிவங்கள். முதல் வைரம் சரியான பிரச்சினையைத் தேடுவதற்கு, இரண்டாவது சரியான தீர்வைத் தேடுவதற்கு. நான் பார்த்த டீம்களில் பாதி, முதல் வைரத்தை ஒரே மீட்டிங்கில் முடித்துவிட்டு இரண்டாவதில் மாதக்கணக்கில் தவிப்பவை.

போய் உட்காருங்கள்

முதல் இரண்டு காலைகள் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அனுமதி வாங்கிக்கொண்டுதான். நோயாளிகளின் பெயரையும் நோயையும் எழுத மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் எனக்குத் தோன்றியது. இந்தக் கோட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள். "குழம்பிவிட்டார்" என்பது என் கருத்து. "பட்டனை மூன்று முறை அழுத்தினார், பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் காட்டினார்" என்பதுதான் நடந்தது. ஒரு வாரம் கழித்து டீமில் வாதம் வரும்போது இடப்பக்கம் மட்டுமே காப்பாற்றும்.

வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் காரணவாரியாக ஒரு கோடு கிழித்தேன். மதியத்துக்குள் ஒரு வரிசை மட்டும் மற்றவற்றைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது: "ஆப்புல போட்டேன், பதிவாயிடுச்சாங்க?" பாதிக்கும் மேற்பட்ட அழைப்புகள் இதே கேள்விதான்.

அப்புறம் காத்திருப்பவர்கள் பக்கம் போனேன். ஒரு பெரியவர் தன் போனை என்னிடம் நீட்டி, "ஏம்மா, இது முடிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டார். திரையில் 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்றிருந்தது. கீழே 04/05 என்று தேதி. அது மே மாதமா ஏப்ரலா என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. அவர் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தார். போதாததற்கு ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஸ்கிரீன்ஷாட், துண்டுச் சீட்டு, மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் தாள், உள்ளங்கையில் எழுதிய எண், இவற்றில் எதைக் கண்டாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். உங்கள் பொருள் செய்யாமல் விட்ட வேலையை மனிதர்கள் கையால் செய்துகொள்ளும் இடம் அது.

பேசும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: "இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" எதிரில் இருப்பவரின் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். வரப்போவதைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக எப்போது பதிவு செய்தீர்கள்? அன்றைக்கு முதலில் என்ன செய்தீர்கள்? அப்புறம்?" இந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லே பாதிப் பேட்டியை நடத்திவிடும். அவர் பேசி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர் சொல்லும் வாக்கியத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

யாரிடம் பேசுவது என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆப்பை நன்றாகப் பயன்படுத்துபவர்கள் எளிதில் கிடைப்பார்கள், இனிமையாகப் பேசுவார்கள், அவர்களோடு நின்றுவிடத் தோன்றும். பாதியில் விட்டுவிட்டு ஓடியவரையும், இன்னொருவருக்காகப் பயன்படுத்துபவரையும் தேடிப் பிடியுங்கள். ஒரு பெண் தன் அம்மாவுக்குப் பதிவு செய்வதற்காக, ஆப்பில் தன் பெயரை அழித்து அம்மாவின் பெயரைப் போட்டு, வேலை முடிந்ததும் மறுபடி தன் பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இப்படியா என்றேன். "வேற வழி இருக்குதா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். போனுக்குச் சொந்தக்காரர்தான் நோயாளி என்று ஆப்பைக் கட்டியவர்கள் தங்களை அறியாமலே ஒரு விதி வைத்திருந்தார்கள்.

பயனர் என்றதும் திரைக்கு முன்னால் இருப்பவரை மட்டும் நினைக்கிறோம். திரைக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கிறார். இரண்டாம் நாள் மதியம் ரிசப்ஷனிஸ்டிடம், ஏன் 'கோரிக்கை' என்று வருகிறது, பதிவு ஆனதாகவே காட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த டயரியை எடுத்தார். "எந்த டாக்டர் எந்த நாள் லீவு, எந்த நாள் ஆபரேஷன், எல்லாம் இதுலதான் மேடம் இருக்கு. இதைப் பாக்காம நான் எப்படி ஓகே பண்றது? போன் கொஞ்சம் ஓயட்டும், உக்காந்து பண்ணிடுவேன்."

போன் ஓயவில்லை. உறுதி ஆகாததால் நோயாளிகள் அழைத்தார்கள். அவர்கள் அழைத்துக்கொண்டே இருந்ததால் உறுதி செய்ய முடியவில்லை. மூன்று மாதமாக அந்த ஆப் தனக்குத் தானே அழைப்புகளை உற்பத்தி செய்துகொண்டிருந்தது.

பிரச்சினையை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாளா என்று டெவலப்பர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்தவள்தான். வாக்கியத்தில் மூன்று இருக்கவேண்டும்: யார், அவருக்கு என்ன ஆகவேண்டும், எது குறுக்கே நிற்கிறது. எங்கள் முதல் முயற்சி "நோயாளிகளுக்குத் தகவல் போதவில்லை" என்று வந்தது. இதைப் படித்துவிட்டு யாராலும் எதையும் செய்ய முடியாது. அடுத்தது "நோயாளிகளுக்கு எஸ்எம்எஸ் போகவேண்டும்". இது தீர்வு, பிரச்சினையின் வேஷத்தில் வந்திருக்கிறது. வாக்கியத்தில் சாட்பாட், எஸ்எம்எஸ், பட்டன் என ஏதாவது பொருளின் பெயர் தட்டுப்பட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கடைசியில் நின்றது இது: "பதிவு செய்பவருக்குத் தன் நேரம் உறுதியா என்பது அந்தக் கணமே தெரியவேண்டும். ஆனால் உறுதி செய்யத் தேவையான விவரம் ஒருவர் மட்டும் புரட்டக்கூடிய டயரியில் இருக்கிறது, அவருக்கோ போனைக் கீழே வைக்க நேரமில்லை." நீளம்தான். இருக்கட்டும்.

பிறகு அதை 'எப்படிச் செய்யலாம்' என்று முடியும் கேள்வியாகத் திருப்புவார்கள். 1970களில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் மின் பசதூர் என்பவர் பழக்கப்படுத்திய உத்தி இது. கேள்வியின் அகலத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "மருத்துவமனை அனுபவத்தை எப்படி மேம்படுத்தலாம்?" என்றால் கடலில் விட்டதுபோல. "உறுதிச் செய்தியை எப்படிப் பச்சை நிறத்தில் காட்டலாம்?" என்றால் பதிலே கேள்விக்குள் இருக்கிறது. "டயரியில் இருப்பதை, ரிசப்ஷனிஸ்டுக்குக் கூடுதல் வேலை வைக்காமல், ஆப்புக்கு எப்படித் தெரியப்படுத்தலாம்?" என்பது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

யோசனை சேர்ப்பது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் கத்தவிடாதீர்கள், அவ்வளவுதான். ஒரே எண்ணிக்கை ஆட்கள் சேர்ந்து யோசித்தால் வருவதைவிடத் தனித்தனியாக யோசித்துச் சேர்த்தால் அதிக யோசனைகள் வரும் என்று 1958லேயே யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. ஆளுக்கு ஒரு தாளை எட்டாக மடித்து, எட்டு நிமிடத்தில் எட்டுப் படம். பேசக்கூடாது. பிறகு சுவரில் ஒட்டிப் பாருங்கள். மேலதிகாரி கடைசியில்தான் பேசவேண்டும் என்பதை முன்கூட்டியே, அவரிடமே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

எங்கள் சுவரில் சிறந்த படத்தை வரைந்தவர் ரிசப்ஷனிஸ்ட். டயரியின் இரண்டு பக்கத்தை அப்படியே வரைந்து, மேலே 'இது கம்ப்யூட்டர்ல' என்று எழுதியிருந்தார்.

பொய்யாக ஒன்றைச் செய்யுங்கள்

மாதிரி என்றதும் ஃபிக்மா போன்ற திரை வரையும் மென்பொருளைத் திறக்காதீர்கள். பளபளப்பான திரையைக் காட்டினால் பயனர் நிறத்தைப் பற்றிப் பேசுவார். கிறுக்கிய தாளைக் காட்டினால் வேலையைப் பற்றிப் பேசுவார், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று தைரியமும் வரும். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அது பிறப்பதற்கு முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து அதில் குறிப்பது போல நடித்துப் பார்த்தார்.

தாள் மாதிரிக்கு ஒரு ஏ4 தாளைப் போன் அளவுக்கு வெட்டுங்கள். ஒரு திரைக்கு ஒரு துண்டு. பயனர் விரலால் 'அழுத்தியதும்' உங்களில் ஒருவர் அடுத்த துண்டை எடுத்து வைக்கவேண்டும். அவர்தான் கம்ப்யூட்டர், வாயே திறக்கக்கூடாது. துண்டுகளில் உண்மையான உள்ளடக்கத்தை எழுதுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மிக நீளமான பெயரைப் போடுங்கள். ஒரு மொழியில் குட்டையாக இருக்கும் பட்டன் இன்னொரு மொழியில் இரண்டு வரிக்கு ஓடும், அதையும் இப்போதே பார்த்துவிடலாம். நெட் இல்லாதபோது வரும் திரை, நேரமே காலியில்லாத நாளின் திரை, தவறான எண் போட்டால் வரும் திரை, இவற்றுக்கும் துண்டு வெட்டுங்கள். எல்லாம் சரியாக நடக்கும் பாதையை மட்டும் வரைந்துகொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கொஞ்சம் எரிச்சல் வரும்.

சாட்பாட் என்ன ஆயிற்று? அதையும் செய்தோம், பொய்யாக. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள், பேசினால் தானே எழுதும் தட்டச்சு எந்திரத்தை மக்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். எந்திரம் எதுவும் கிடையாது. மறைவில் ஒரு தட்டச்சர் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தார். அதே வேலையை நாங்களும் செய்தோம். ஒரு சாதாரண சாட் திரை, அடுத்த அறையில் என் சக ஊழியர். மருத்துவக் கேள்வி எது வந்தாலும் நேராக நர்ஸிடம் அனுப்பிவிடுவது என்று விதி. முடிந்ததும் பேசியது மனிதர்தான் என்று சொல்லிவிட்டோம். இப்படி ஏமாற்றினால் கடைசியில் உண்மையைச் சொல்வது கடமை.

ஒரு காலை நேரம் போதுமானதாக இருந்தது. வந்தவர்கள் சாட்பாட்டிடம் கேட்டதும் அதே கேள்விதான்: "பதிவாயிடுச்சா?" என் சக ஊழியர் எழுந்து நடந்துபோய் ரிசப்ஷனிஸ்டிடம் கேட்கவேண்டியிருந்தது, அவர் டயரியைப் புரட்டவேண்டியிருந்தது. நிர்வாகியை அந்த அறையிலேயே உட்காரவைத்திருந்தேன். சாட்பாட் வேண்டாம் என்று நான் ஒரு ஸ்லைடுகூடப் போடவில்லை. பதினோரு மணிக்கு அவரே எழுந்து, "சரி, அந்த டயரியைப் பார்ப்போம்" என்றார்.

ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது என்ற கேள்விக்கு ஜேகப் நீல்சன், தாமஸ் லாண்டாவர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பார்த்த திட்டங்களில் ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுத்தார். அந்தக் கணக்கில் ஐந்து பேர் சுமார் 85 சதவீதத்தைக் காட்டுவார்கள். இந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள், அது தவறு. ஐந்து பேர் குறையைக் கண்டுபிடிக்க உதவுவார்கள், எத்தனை சதவீதம் பேருக்குப் பிடித்தது என்று அளக்க உதவ மாட்டார்கள். உங்கள் பயனர்கள் வெவ்வேறு வகையினர் என்றால் வகைக்குச் சில பேர் தேவை. பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே தடவை சோதிக்காமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் திருத்தித் திருத்திச் சோதியுங்கள்.

வேலையைச் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். பட்டனில் 'பதிவை மாற்று' என்று இருந்தால், "பதிவை மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டால் அது கண்ணாமூச்சி விளையாட்டுத்தான், சோதனை இல்லை. "செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தீர்கள், இப்போது வெள்ளிக்கிழமைதான் முடியும் போலிருக்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கதையாகச் சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "இதை அழுத்தலாமா?" என்று உங்களைக் கேட்டால், "நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும்போது உங்கள் கை தானாக நீளும். கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், நான் நிஜமாகவே அப்படித்தான் செய்கிறேன். முக்கியமாக ஒன்று: "உங்களைச் சோதிக்கவில்லை, எங்கள் வேலையைத்தான் சோதிக்கிறோம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வயதானவர்களிடம் இரண்டு முறை.

முடிவில் "நல்லா இருக்கு" என்பார்கள். அதை நோட்டின் வலப்பக்கத்தில்கூட எழுதாதீர்கள். எண்ணாக ஏதாவது வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யுஎஸ் என்ற, பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும், அது சதவீதம் கிடையாது. சராசரி 68 என்று கொள்வது வழக்கம்.

எங்கள் முதல் ஐந்து பேரிலேயே மூவர், தேதிக்குப் பக்கத்தில் கிழமையைத் தேடினார்கள். 04/05 போய் 'மே 4, திங்கள், காலை 10.30' வந்தது. 'கோரிக்கை பெறப்பட்டது' போய் 'உங்கள் நேரம் உறுதி' வந்தது. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை மாற்றுவதற்கு முன்னால் டயரியை மாற்றவேண்டியிருந்தது. உறுதி இல்லாமல் உறுதி என்று எழுதினால் அது வேறு மாதிரிப் பொய். ரிசப்ஷனிஸ்ட் வரைந்தபடியே, டயரியின் இரண்டு பக்கம் போல ஒரு வாரம் முழுவதும் தெரியும் திரையைச் செய்தோம். லீவையும் ஆபரேஷன் நாளையும் அவர் அதில் குறித்தால், மீதி நேரத்தை ஆப் தானே உறுதி செய்யும். டயரியைப் பிடுங்கவில்லை. முதல் மாதம் இரண்டிலும் எழுதினார், அப்புறம் அவரே விட்டுவிட்டார்.

பயனரைத் தொந்தரவு செய்யாமலே சரிசெய்யக்கூடிய சில விஷயங்கள் உண்டு, அவற்றைக் கண்டுபிடிக்க ஐந்து பேரின் நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று, இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி விதி சொல்கிறது. அழுத்தும் இடம் குறைந்தது ஆப்பிளில் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி (இரண்டும் திரை அளவு அலகுகள்), அதாவது ஏறக்குறைய 7 முதல் 9 மில்லிமீட்டர். சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தை நாகரிகம் என்று யார் முதலில் நினைத்தார்களோ! பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள், நிறம் பிரித்தறியாதவர்களுக்கு அது தெரியாமலே போகும். அழுத்தியதும் ஒரு நொடிக்குள் ஏதாவது அசையவேண்டும், பத்து நொடியைத் தாண்டும் வேலை என்றால் எவ்வளவு முடிந்தது என்று காட்டவேண்டும். இல்லாவிட்டால் மறுபடி அழுத்துவார்கள், இரண்டு பதிவு விழும்.

வெளியிட்டதோடு கிளம்பிவிடாதீர்கள். நான் கோடு கிழித்த அந்தத் தாளின் நகலை ரிசப்ஷன் மேசையிலேயே ஒட்டிவிட்டு வந்திருந்தேன், அழைப்பு வரும்போது ஒரு கோடு போட்டால் போதும் என்று சொல்லி. ஆறு வாரம் கழித்துப் போனபோது 'பதிவாயிடுச்சா' வரிசையில் நாலைந்து கோடுகள்தான் இருந்தன. தாளின் அடியில் அவர் கையெழுத்தில் புதிதாக ஒரு வரிசை முளைத்திருந்தது. 'எந்த வாசல் வழியா வரணும்?' அதன் எதிரே கோடுகள் ஓரம் வரை போய், இடமில்லாமல் கீழே மடங்கியிருந்தன.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நோட்டோடு வாசலில் நின்றேன்.